திரும்பக் கிடைத்த உரிமை

லைல் ஸ்ட்ராண்ட் டை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் கோதுமை விளையும் சின்ன ஊர் எங்களுடையது. அதன் கோர்ட் ஜன்னலில் இருபத்திரண்டு வருஷமாக மனு வாங்குகிறவள் நான். எத்தனை டை பார்த்திருப்பேன்!

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலித் தகராறில் பக்கத்து வீட்டு கார்வினின் தாடையை உடைத்தவன் இந்த லைல். ஜெயிலுக்குப் போனான். துப்பாக்கியே தொடக் கூடாது என்று தடையும் விழுந்தது. அப்புறம் ஒரு வம்புக்கும் போகவில்லை. இப்போது தடையை நீக்கச் சொல்லி மனு.

"பழைய கேஸ் ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூட போதுமாம். சட்டப்படி துப்பாக்கி வாங்கறவங்கள்லயும் அப்படிப்பட்டவங்கதான் பின்னாடி மறுபடி கேஸ்ல மாட்டறது அதிகமாம். ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்கடி" என்றாள் பக்கத்து ஜன்னல் மேவிஸ்.

இருக்காதா பின்னே என்றேன்.

விசாரணையில் கார்வின் நீதிபதி முன்னால் எழுந்து நின்றார். தாடை இன்னும் கோணல்தான், பேச்சு மெதுவாகத்தான் வரும். லைல் கைக்குத் துப்பாக்கி வந்தால் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

நீதிபதி சட்டத்தைத்தான் பார்த்தார். நிபந்தனை எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கார்வின் வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு லைல் மேல் ஆத்திரமாக வந்தது.

லைல் நேரே என் ஜன்னலுக்கு வந்தான். உத்தரவில் முத்திரை குத்தி நீட்டினேன். என் வாய் சும்மா இருக்குமா?

"துப்பாக்கிக் கடை எதிர்லதான் இருக்கு. ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

அவன் கோபப்படவில்லை. உத்தரவை முழுக்கப் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இன்னொரு படிவம் இருக்குமே மேடம். எனக்குத் துப்பாக்கி விக்காதீங்கன்னு நாமளே எழுதிக் கொடுக்கறது."

இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் எந்தக் கடையும் விற்காது. தற்கொலை எண்ணம் வந்துவிடுமோ என்று தன்னைக் கண்டே பயப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கேட்டு வருவார்கள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்." டிரைவிங் லைசென்ஸை நீட்டினான். நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு நகல் கேட்டான். "இதை கார்வின்கிட்ட நீங்களே கொடுத்துடுங்க. நான் கிட்டப் போனா பயப்படுவார்."

மேவிஸ் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு முத்திரை குத்தக் கை வரவில்லை.

"ஏன் சார், தடைதான் ஏற்கெனவே இருந்ததே? மனுவே போடாம இருந்திருக்கலாமே. எதுக்கு வக்கீலு, ஒரு வருஷ அலைச்சலு?"

டையைத் தளர்த்திக்கொண்டே லைல் வராந்தாப் பக்கம் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நான் துப்பாக்கி வாங்காம இருந்தேன்னா அதுக்குக் காரணம் கோர்ட்டு, மேடம். அதை எப்படி நான் கார்வினுக்காகச் செஞ்சேன்னு சொல்லிக்க முடியும்? உரிமை என்கிட்ட இருந்தாத்தானே அதை நான் விட்டுக்கொடுக்க முடியும்?"