எழுத்துக்கு எழுத்து

மூட்டை தூக்கும் பெரியவன், மேஸ்திரிக்குப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன் பாக்கி வைத்திருந்தான். கிடங்குத் தீயில் கருகிய உடல் காணாமல் போன தம்பி சின்னவனுடையதுதானா என்று பார்க்க மருத்துவமனையில் எச்சில் கொடுத்தான்.

“உடம்பைக் கட்டுற எழுத்துதான் இந்த டிஎன்ஏ. அண்ணன் தம்பிக்குப் பாதிதான் ஒத்துப்போகும். ஆனா இந்த உடல் எழுத்துக்கு எழுத்து நீங்களேதான். இரட்டைப் பிள்ளைங்களா?” என்றாள், முடிவைப் படித்த பரிசோதனைக்கூடத்துப் பெண்.

“இல்லம்மா. அவன் எனக்கு எட்டு வயசு இளையவன்.”

மறுபடி சோதித்தாள். மாறவில்லை. உடலை வாங்கி அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினான்.

வாசலில் மேஸ்திரி நின்றார். “உங்கண்ணன் போனதோட கடனும் போச்சு, சின்னவனே. தள்ளுபடி பண்ணிட்டேன்.”

“ஐயோ, நான் பெரியவன் அண்ணே!”

துக்கத்தில் பிதற்றுகிறான் என்று மேஸ்திரி பரிதாபமாகப் பார்த்தார்.

அழுது வீங்கிய முகத்தோடு பெரியவனின் மனைவி வந்தாள். அவனைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டாள்.

“உள்ள வாங்க தம்பி. கடன்காரனாச் சாகலை உங்கண்ணன். அதுவே போதும்.”