அடியில் காசு இல்லை

"நம்ம செயலாளர் தோண்டினது அரைக் குழி. எழுதினது மட்டும் முழு அறிக்கை."

பேராசிரியை இப்படிச் சொன்னதும், வரலாற்று மன்றத்தின் மாலைக் கூட்டத்தில் டீ உறிஞ்சும் சத்தம்கூட நின்றுபோனது. எல்லாத் தலைகளும் படம் காட்டும் கருவிப் பக்கம் திரும்பின. அங்கே செயலாளர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் மன்றத்தையே கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அதுதான் அவளுக்கு எரிச்சல். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஊரோரத்து மேட்டில் அகழாய்வுக்காக இரண்டு பேரும் சேர்ந்து மண் சுமந்தபோதும் இதே கல்லுளிமங்கத்தனம்தான். வெளியூரில் வேலை கிடைத்து, குழியை மூடும் முன்பே கிளம்பப்போவதாக அவள் சொன்னபோதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவ்வளவு உறுதியா எப்படிம்மா சொல்றீங்க?" மன்றத் தலைவரான பல் டாக்டர் கேட்டார்.

"குழியை மூடறதுக்கு முன்னாடி அடித்தரையில அந்த வருஷத்துக் காசு ஒண்ணு போடுவோம் சார். பின்னால தோண்டுறவங்களுக்கு, இதுவரைக்கும் தோண்டியாச்சுன்னு அடையாளம். போன மாசம் அதே குழியைத் திறந்து, மண்ணைச் சல்லடையில சலிச்சே பார்த்துட்டோம். காசு இல்லை. கிடைச்சது இதுதான்."

திரையில் கறுத்துப்போன ஒரு வெள்ளி மோதிரம்.

"வேலைப்பாடே இல்லாத பழைய மோதிரம். அப்போ அடியில ஆளுங்க வாழ்ந்த தரை இருக்கு. இவர் அதைத் தொடாமலே 'கீழே ஒன்றுமில்லை'ன்னு எழுதிட்டார்."

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா அந்த அறிக்கையை மன்றத்து ஏட்டிலேருந்து எடுத்துட வேண்டியதுதான். கை தூக்கச் சொல்றதுக்கு முன்னாடி, செயலாளர் ஏதாவது சொல்றீங்களா?"

"ரெண்டு கேள்வி." செயலாளர் எழுந்தார். "மோதிரம் குழியில எந்த இடத்துல கிடந்தது?"

"நட்ட நடுவுல."

"தவறி விழுந்த மாதிரியா, வச்ச மாதிரியா?"

"ஒரு ஓட்டுச் சில்லு மேல யாரோ பார்த்துப் பார்த்து வச்ச மாதிரி."

"போட்டுப் பார்த்தீங்களா?"

"இது மூணாவது கேள்வி." கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். "பார்த்தேன். மோதிர விரலுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் காலத்துப் பொண்ணும் என்னை மாதிரி ஒல்லிக்குச்சி போல. என் விரல்ல மோதிரம் ஏறினதே அந்த ஒரு தடவைதான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கை தூக்க வேண்டாம் டாக்டர். குழி அடிவரைக்கும் போயிருக்கு. மூடுற அன்னிக்கு அடையாளத்துக்குப் போட என் பையில காசு இல்லை, அதுதான் இருந்தது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அளவு சரியாத்தான் இருக்கும். குழிக்கு எல்லை கட்டுற நூலை உன் விரல்ல சுத்தித்தானே எடுத்தேன். செஞ்சு வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீ பஸ் ஏறிட்டே."