முள் பூஜ்யத்தில் நின்றது

"ஒரே ஒரு தடவை நான் வைக்கிறேன், பிக்ரி. நீ கருவியை மட்டும் பார்த்துக்கோ, போதும்."

கட்டுப் போட்ட விரலோடு ஷஹீரா கெஞ்சியபோது பிக்ரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அலெக்சாந்திரியாவின் அந்த ஆய்வு நிலையத்துக்கு அவள் இயக்குநர். பன்னிரண்டு வருடமாகப் பேனாவைத் தவிர அந்தக் கை வேறெதையும் பிடித்ததில்லை.

ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே மேசை, ஒரே உலை. அவள் நாற்காலிக்குப் போனாள். இவன் உலையோடு நின்றுவிட்டான்.

இப்போது ஐம்பத்தொன்பது வயதில், அந்த உலை அவனுக்கு ஒரு கருப்புச் சில்லைக் கொடுத்திருந்தது. சாதாரண அறைச் சூட்டிலேயே துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிற சில்லு. உலகமே தவம் கிடக்கிற பொருள். பன்னிரண்டு மணிக்கு அமைச்சர் முன்னால், பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவிக்கப் போகிறான். மணி பதினொன்றரை.

"விரல்ல என்ன?"

"காலையில பீங்கான் காபிக் கோப்பை கைநழுவி ஒடஞ்சிடுச்சு. பொறுக்கும்போது கிழிச்சிடுச்சு."

"காபி கொட்டினா நல்லது நடக்கும்னுதானே சொல்லுவாங்க! எனக்கு வர்ற நல்லது உன் வீட்டுத் தரையில கொட்டியிருக்கு பாரு."

அவள் சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

பிக்ரிக்குப் புரிந்துவிட்டது. மன்ஷியா கடைத்தெருவில் அப்பாவின் துணிக்கடையில் வளர்ந்தவன் அவன். பேரம் படிந்த சரக்கின்மேல் கடைசி நிமிடத்தில் கையை வைத்து, 'நானும் கூட்டாளிதான்' என்று நிற்பவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பான்!

"வைம்மா, வை. நாளைக்குப் பேப்பர்ல 'இயக்குநர் தன் கையாலேயே சோதிச்சாங்க'ன்னு வரணும். அதுக்குத்தானே இந்தப் பாடு?"

"அப்படியே வச்சுக்கோ."

சில்லையும் இடுக்கியையும் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் தடையளக்கும் கருவியின் முன் உட்கார்ந்தான். தடையே இல்லையென்றால் அதன் முள் பூஜ்யத்தில் நிற்கும். பின்னால் இடுக்கி இரண்டு முறை தட்டில் மோதியது. அப்புறம் சத்தமே இல்லை.

"என்ன, மறந்துபோச்சா? நாலு கம்பி, நாலு பொட்டு வெள்ளிப் பசை. கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வைக்கவா போற?"

"மறக்கல."

தொலைபேசி அலறியது. அமைச்சரின் கார் கடற்கரைச் சாலையில் திரும்பிவிட்டதாம். பிக்ரியின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துவிட்டது.

ஒருவழியாக மூடி விழும் சத்தம் கேட்டது.

"பிக்ரி, மின்சாரம் உள்ள போகுதான்னு எப்பவாவது பார்த்திருக்கியா?"

"குமிழைத் திருப்பியாச்சு, போகாம எங்க போகும்? சந்தேகப்பட உனக்கு இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா?"

அவன் குமிழைத் திருப்பினான். முள் ஒரு துடி துடித்தது. மேலே ஏறப் பார்த்தது. பிறகு சரிந்து, அலுத்துப்போன கிழவன்போல் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அசையவில்லை.

"பார்த்தியா! நான் வச்சாலும் பூஜ்யம், நீ வச்சாலும் பூஜ்யம்!" எழுந்தவனின் கண் கலங்கியிருந்தது. "முப்பத்தஞ்சு வருஷம், ஷஹீரா. நீ மேல போனதுக்கப்புறம் இந்த ரூம் பக்கம் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கல. இன்னிக்கு அமைச்சரே வர்றாரு!"

"தெரியும்."

"சரி, போனது போகட்டும். மேடையில நீயும் என் பக்கத்துல நில்லு. உனக்கும் ஒரு பங்கு. கதவைத் திற, போவோம்."

அவள் கதவைத் திறக்கவில்லை, தாழ்ப்பாளைப் போட்டாள்.

கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிக்ரி திறந்து பார்த்தான். உள்ளே பஞ்சின்மேல் அவனுடைய கருப்புச் சில்லு, ஓர் ஓரத்தில் அவனுக்கு மட்டுமே தெரிந்த அந்தச் சின்னச் சிதைவோடு, பத்திரமாகக் கிடந்தது.

அவன் சில்லைப் பார்த்தான். மூடியிருந்த கருவியைப் பார்த்தான். முள் இன்னும் பூஜ்யத்திலேயே நின்றது.

"இது இங்க இருக்குன்னா... அப்ப உள்ள இருக்கறது என்ன?"

"என் காபிக் கோப்பையோட சில்லு, பிக்ரி."