பின்கட்டுக் குடித்தனம்

"இருவது ரூவா தந்தா இரும். இல்லன்னா சட்டி பானையத் தூக்கும் அண்ணாச்சி."

முன்கட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலியில் படுத்தபடியே சொன்னார் மில் மேஸ்திரி இஞ்ஞாசி. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார் பவுல். பின்கட்டில் இருக்கும் ஒற்றை அறைக்குப் போன மாதம்வரை பதினைந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உப்பளத்துல கணக்கு எழுதி நாப்பதுதான் வாங்குதேன், மேஸ்திரி. அதுல பாதிய உம்ம கையில குடுத்துட்டு நாங்க மூணு பேரும் என்னத்தத் திங்க?"

"தந்தி ஆபீஸ் கிளார்க்கு ரெண்டு பேரு இருவத்திரெண்டு தாரோம்னு காலையிலயே வந்து நின்னானுவ. பழகின தோசத்துக்கு உமக்கு ரெண்டு ரூவா கொறச்சுச் சொல்லுதேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. உலக யுத்தம் முடிந்து மில்லில் ஒரு ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். தூத்துக்குடியில் வாடகை மட்டும் ஏறினது ஏறினபடியே நின்றது. வேலை போனவன் விளாத்திகுளத்துக் கரிசலுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வான்? இங்கேயே கிடந்தான். ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் வேறு.

பவுலும் கொழும்பில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டு வந்தவர்தான். மனைவி ஜெயபாய், மகள் அமலோற்பவம், அவர் என்று மூன்று பேரும் பத்து மாதமாக அந்தப் பின்கட்டு அறைக்குள் கிடக்கிறார்கள். பாயை விரிக்க வேண்டுமென்றால் அடுப்பை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் இடம். ஊர் முழுக்க அலைந்தும் வேறு வீடு கிடைக்கவில்லை.

"சர்க்காரு சட்டம் போட்டிருக்கு, மேஸ்திரி."

"போட்டிருக்குல்லா? அது ஆரு பக்கம்னு சொல்லும் பாப்போம்."

"குடியிருக்கவன் பக்கம்தான். அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாச் சரி." இஞ்ஞாசி வயிறு குலுங்கச் சிரித்தார். "நீருதான் வாடகைக் கன்ட்ரோல் ஆபீசுக்கே போயிட்டு வந்தீரே. அங்கன என்ன சொன்னாவ?"

நாலு மாதத்துக்கு முன்னால் பவுல் கொடுத்த மனுவை, 'வீட்டுக்குள்ளதானே குடியிருக்கீரு, பெறவு உமக்கு என்ன கொறை?' என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். அதற்கு மேலே கோர்ட்டு, கச்சேரி என்று ஏற வக்கீலுக்குக் கொடுக்க அவரிடம் ஏது?

அதுவரை பின்னால் நின்ற ஜெயபாய் மெல்ல முன்னே வந்தாள்.

"நாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அமலோற்பவத்தப் பாக்க குலசேகரன்பட்டினத்துலேருந்து வாராவ, தம்பி. இந்த நேரத்துல எங்களத் தெருவுல விட்டுராதீரும். இன்னொண்ணும் கேக்கணும். அந்தப் பொந்துக்குள்ள அஞ்சாறு பேர எங்கன உக்கார வைக்க? ஒரு மணி நேரம் இந்தக் கூடத்துல வச்சு, காப்பி குடுத்து அனுப்பிருதோம்."

இஞ்ஞாசி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்கட்டக் குடுத்தா இப்ப முன்கட்டையும் கேக்கீயளா? எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குன கதையால்லா இருக்கு!"

எட்டு வருடமாக முன்கட்டில் இருப்பவரின் அதட்டல் அது. எழுந்து, நாற்காலியைக் காற்று வரும் சன்னல் பக்கமாக இழுத்தார். செங்காவி பூசிய சிமெண்ட் தரையில் அதன் கால் கிறீச்சென்று கோடு போட்டது.

"மெல்ல, மேஸ்திரி! தரை கீறுது." பவுல் தன்னை மறந்து ஓரடி உள்ளே வந்துவிட்டார்.

"தரையப் பத்தி இப்ப என்ன? ரூவாயப் பத்திப் பேசும்."

ஜெயபாய் பின்கட்டுக்குப் போனாள். மகளுக்குச் சேலை எடுக்க என்று அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்த ஐந்து ரூபாயையும் எடுத்து வந்து, பதினைந்தோடு சேர்த்துப் புருஷன் கையில் வைத்தாள். பவுலுக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. பெண்ணைப் பார்க்க வருகிற நேரத்தில் தெருவில் நிற்க முடியுமா? அழுகையை விழுங்கிக்கொண்டு இருபதையும் நீட்டினார்.

நோட்டைத் தொட்டதும் இஞ்ஞாசியின் முகம் இளகியது.

"சரி, நம்ம பிள்ள காரியம். நாயித்துக்கெழம கூடத்த எடுத்துக்கிடும். சொந்த வீடான்னு வாரவிய கேட்டா, ஆமான்னே சொல்லிரும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"மாதா உம்மக் காப்பாத்துவா, தம்பி," என்றாள் ஜெயபாய். இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் நில்லும்."

அந்த இருபதிலிருந்து ஆறு ரூபாயை உருவி, இஞ்ஞாசி பவுலிடமே நீட்டினார்.

"இந்தாரும், உம்ம வீட்டுக்கு இந்த மாச வாடகை. நீரு கொழும்புக்குப் போவையில பேசின அதே ஆறு ரூவா. ரசீது குடும்."