மெல்ல இறங்கும் தண்ணீர்

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் ஓடி, இருமலில் முகம் நீலம் பாரித்தது. கெட்டியாக்கிக் கொடுத்தால் இறங்கும் என்றார் டாக்டர். தமயந்தி தன் மாலைநேர மருந்தியல் வகுப்பில் சப்ஜா விதையின் கொழகொழப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். ஊறவைத்து, துணியில் பிழிந்து, கண்ணாடித் தட்டில் பரப்பி உலர்த்த வேண்டும்.

“தவளை முட்டை பொரிஞ்சுதா?” என்று ஊறி வீங்கிய விதைகளைப் பார்த்துப் பக்கத்து மேசை ரெஜினா தினமும் கேட்டாள்.

அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டியதில் இரண்டு தட்டுகள் கருகின. மூன்றாவதை இளஞ்சூட்டிலேயே விட்டு இரண்டு மாலை காத்திருந்தாள். அது வெங்காயச் சருகு போல உரிந்தது. பொடித்தாள். ஆசிரியை சோதித்துத் தலையாட்டிய பிறகும் நம்பிக்கை வராமல், முதலில் தானே தண்ணீரில் கலந்து குடித்துப் பார்த்தாள்.

வீட்டில் கரண்டியைச் சாய்த்தபோது தண்ணீர் யோசித்து யோசித்து இறங்கியது. அப்பா வாயில் வாங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. தமயந்தி இருமலை எதிர்பார்த்து முப்பது வரை எண்ணினாள்.

“என்னடி இது, சளி மாதிரி?”

“தண்ணிதான்பா. கொஞ்சம் மெதுவா வரும்.”

“உன்ன மாதிரியா?” என்று கோணிய வாயால் சிரித்தவர், மறுபடியும் வாயைத் திறந்தார்.