சிவப்பு வெளுக்கும் வரை

"இது வேற கன்னு" என்றார் டாக்டர்.

அவள் கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

டாக்டர் பலகையிலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். போன வருடம் இதே கால்நடை மருந்தக வளாகத்தில், இதே வேப்பமரத்தடியில், இனப்பதிவு முகாமன்று அவர் கையாலேயே எழுதியது. பன்னிரண்டு இலக்க எண். ஆண் கன்று. வயது இருபது நாள். நிறம் சிவப்பு. ஜெர்சி கலப்பு. கீழே தாயின் எண்.

கயிற்றின் மறுமுனையில் நிற்பதோ சாம்பல் நிறக் காளை. திமில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

காதில் மஞ்சள் வில்லை. அதே பன்னிரண்டு இலக்கம்.

"வில்லையைக் கழட்டி வேற மாட்டுக்கு மாட்டியிருக்கீங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அடுத்து நின்ற முத்தூர்க்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயி முக்கி எடுத்துட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

காங்கேயம் மாடு பிறக்கும்போது சிவப்பு. நாலு மாதத்தில் வெளுத்துச் சாம்பலாகும். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். டாக்டர் கடற்கரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். சிவப்பென்றால் அவருக்கு ஜெர்சிதான்.

போன வருடமே சொன்னாள். "வெளுத்துரும்ங்க சார்." அவர் அதற்குள் அடுத்த மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாதம் ஒரு மனு. மனுவின் அடியில் கன்றின் அந்த மாதத்து முடி ஒரு சிட்டிகை, செல்லோடேப் போட்டு ஒட்டியது. முதல் மாதம் செங்கல். இரண்டாம் மாதம் தவிடு. நாலாம் மாதம் சாம்பல்.

பதில் ஒன்றும் வரவில்லை.

"காதைப் பாருங்க சார். கழட்டியிருந்தா கிழிஞ்சிருக்குமில்லீங்க?"

அவர் காதைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை.

"அரை மணி நேர வேலைம்மா. பழைய வில்லையை வெட்டிட்டுப் புது நம்பர் போட்டுடறேன். காங்கேயம்னே எழுதிடறேன். தாய் மட்டும் தெரியாதுன்னு போட்டுக்கலாம்."

பேனா அந்தக் கட்டத்தின் மேல் வந்து நின்றது.

தாய்.

அது அவளுக்குப் பின்னால்தான் நின்றது. அசைபோட்டுக்கொண்டு, வாலால் ஈ விரட்டிக்கொண்டு. பதினைந்து வயது. மூன்று வருடம் மழை பொய்த்தபோது ஊர் மாடுகளெல்லாம் கேரளா லாரி ஏறின. இது கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடந்த கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டு, அந்த மூன்று வருடத்திலும் இரண்டு கன்று போட்டது.

போன வருடம் வரை போட்டதெல்லாம் காளை. மற்ற எல்லாவற்றையும் காயடித்து வண்டிக்கு விற்றாயிற்று. இனவிருத்திக்குப் பொலிகாளையாக நிறுத்தியது இந்தக் காளை ஒன்றைத்தான்.

தாய் எண் இல்லாத காளையை விந்து நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். கலப்பு என்று எழுதிய காளையையும் எடுக்கமாட்டார்கள்.

ஒன்றில் தாய் இல்லை. இன்னொன்றில் தகப்பன் ஜெர்சி.

"எழுதாதீங்க."

அவள் கை கட்டத்தின் மேல் விழுந்தது. அதிகாரி ஒருவரின் தாளில் அவள் கைவைப்பது இதுதான் முதல் தடவை. கையில் சாணி இருந்தது. எடுக்கவில்லை.

"எம்பட கன்னும் போன வருசம் செவப்புத்தானுங்க சார்" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஊர்ப்பேச்சு எனக்கு வேண்டாம். எழுத்துல என்ன இருக்கோ அதுதான்."

"சரீங்க" என்றாள் அவள்.

காளையின் கயிற்றை முத்தூர்க்காரர் கையில் கொடுத்தாள். மாடுகளை ஏற்றி வந்த டெம்போவுக்குப் போய்ப் பின்கதவை இறக்கினாள்.

உள்ளேயிருந்து இன்னொரு கன்று இறங்கியது. கிடாரி. பிறந்து ஒன்பது நாள். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்தாற்போல் அத்தனை சிவப்பு.

கிழட்டு மாடு ஒரு குரல் கொடுத்தது. கன்று நாலே துள்ளலில் மடிக்கு வந்து முட்டியது.

"இதுக்கு இப்பவே வில்லை போடுங்க. கண்ணு முன்னால குடிக்குது, தாய் நம்பரையும் எழுதிக்கங்க."

"நிறம் சிவப்புன்னுதான் எழுத முடியும்."

"எழுதுங்க."

"கலப்புன்னு சந்தேகம் போடுவேன்."

"அதையும் போடுங்க."

போட்டார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். காதில் வில்லை ஏறியபோது கன்று ஒருமுறை கத்திவிட்டு மறுபடியும் மடிக்குப் போனது.

"ஆச்சு. ஓட்டிட்டுப் போங்க."

"இல்லீங்க சார். ஓட்டிட்டுப் போனா, திரும்பி வரையில வேற கன்னும்பீங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரின் அறைச் சன்னலுக்கு நேர் எதிரே ஓர் இடம் பார்த்தாள். முளைக்குச்சியை நட்டு ஒரு கல்லால் அடித்தாள். தாயைக் கட்டினாள். பக்கத்தில் காளையைக் கட்டினாள். கன்றைக் கட்டவில்லை.

பிறகு டெம்போவிலிருந்து தீவனத்துக்குச் சோளத்தட்டு இறங்கியது. ஒரு கட்டு. இரண்டு. முத்தூர்க்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூன்றாவதைத் தூக்கினார். வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் பிரிந்து வந்தார்கள். டாக்டர் ஒன்பது வரை எண்ணினார்.

கடைசியாக ஒரு பாய். ஒரு தூக்குப்போசி.

"எத்தனை நாளைக்கும்மா இதெல்லாம்?"

ஆவணி பிறந்து நாலு நாள். மாட்டுப் பொங்கலுக்கு வந்துவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்ங்க சார்?"