மூன்று ஸ்வெட்டர்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் பேருந்து, பாலத்துக்கு முன்னால் நெரிசலில் நகராமல் நிற்கிறது. ஜன்னலோரம் அம்மா, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பெட்டியில் எடை கூடிவிட்டதென்று கிளம்பும்போது மகன் மாட்டிவிட்டவை அவை. மருமகள் கேட்ட மிக்ஸி பெட்டிக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது. அம்மாவின் கழுத்து மடிப்பில் வியர்வை மினுங்குகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில், மணிக்கூண்டு வெயிலில் தகதகக்கிறது. விமானம் மாறும் ஊரில், இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைத்த பகல் இது. பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிற வீட்டில் இப்படியொரு பகல் கிடைக்காதென்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்தில் மகன் நகத்தைக் கடிக்கிறான். “இறங்கித் திரும்பிடலாம்மா. ஃப்ளைட்ட விட்டா உன் மருமக என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

“போன தடவையும் இதே பாட்டுதான் பாடினே. அன்னிக்குப் பூரா ஏர்போர்ட் நாற்காலியில உக்காந்து ஓடுபாதையப் பாத்தேன்.”

“வெயில்ல எப்படிம்மா நடப்பே, இத்தனையும் போட்டுக்கிட்டு?”

அம்மா எழுந்து நிற்கிறாள். முதல் ஸ்வெட்டர் தலைவழியாக வருகிறது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. நரைமுடி சிலிர்த்து நிற்கிறது. பின் இருக்கைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்க்கிறார். மூன்றும் மகன் மடியில் விழுகின்றன.

“சுமக்கத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தே? இப்ப நீ சுமடா.”

மணி அடிக்கிறாள். கதவு திறக்கிறது. ஆற்றுக்காற்று வெறும் கைகளில் பட, நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, மணிக்கூண்டை நோக்கி அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.